ராஜாவுக்குப் போக்கில்லை

பேச்சுதான் குடும்பத்தைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பேசாமல் இருந்து கெடுத்தவர்களை அவர்கள் பார்த்ததில்லை போல. நான் இதுவரை பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தூக்குச்சட்டி நிறையாது. அப்படிப்பட்ட நான்தான் என் மகளின் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு மண்டபம் பிடிக்க வைத்தேன். 'ஆமா' என்ற ஒரே வார்த்தையில் அது நடந்தது.

என் கூச்சம் ஊரறிந்தது. (ஊருக்கு என்னைத் தெரியாது, கூச்சத்தை மட்டும் தெரியும்.) 'இறங்கணும்' என்று கண்டக்டரிடம் சொல்ல வாய் வராமல், தென்காசியில் இறங்க வேண்டியவள் செங்கோட்டை வரை போய், வேறு பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறேன். துணிக்கடையில் முதலில் எடுத்துப் போட்ட சேலையையே வாங்கிவிடுவேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டதுகூட, ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போய்ப் புது வாத்தியாரிடம் பெயர் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில்தான். வீட்டில் வேறு காரணம் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை செஸ். அதில் பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. கற்றுக்கொடுத்தது என் பெரிய அண்ணன். வீரகேரளம்புதூரில் எங்கள் வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன், லீவில் வரும்போது டிரங்குப் பெட்டியில் பலகையும் காய்களும் கொண்டுவந்தான். கூட ஆட ஊரில் ஆள் கிடைக்காமல், மாவாட்டிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஆட்டம் கொஞ்சம் பிடிபட்ட பிறகு ஒருநாள் அவன் ராஜாவை மூலையில் முடக்கிவிட்டேன். ராஜா நிற்கிற கட்டத்தில் அடி இல்லை, அதாவது செக் இல்லை. ஆனால் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் காலை வைத்தாலும் வெட்டு. நகர்த்த அவனுக்கு வேறு காயும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். (நினைத்ததோடு சரி, சொல்லவில்லை.) அண்ணன் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏட்டி, ராஜாவுக்குப் போக்கில்லாம ஆக்கிட்டியே. செக் சொல்லாம ராஜாவ அடைக்கப்பிடாது. அடைச்சவன் தோத்தான். அதாம் சட்டம்."

அதற்கு முன்னால் அப்படி ஒரு சட்டத்தை அவன் சொன்னதில்லை. பட்டாளத்துச் சட்டம் இப்படித்தான் திடீரென்று வரும் போல என்று நான் ஒப்புக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்கென்றே செய்த சட்டம் அது. யாரையும் துரத்த வேண்டாம். செக் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். காய்களை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ராஜாவோடு ஒரு மூலையில் ஒடுங்கி நின்றால் போதும். எதிராளி ஆசைப்பட்டு நெருங்கி வருவான், அடைப்பான், தோற்பான். நான் தலையைக் குனிந்தபடியே ஜெயித்துவிடுவேன்.

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரருக்கும் இந்த ஆட்டத்தை இந்தச் சட்டத்தோடு சொல்லிக்கொடுத்தேன். அவர் போலீஸில் ஏட்டாக இருந்தவர். யாரைக் கண்டாலும் மடக்கிப் பிடிக்கத் தோன்றும். என் ராஜாவையும் ஒவ்வொரு முறையும் மடக்கினார், ஒவ்வொரு முறையும் தோற்றார். தென்காசி வட்டாரத்திலேயே என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். (அவர் ஆடியது என்னோடு மட்டும்.)

எங்கள் ஒரே மகள் உலகம்மாள். வீட்டில் உலகு. அவளுக்கு வந்த முதல் இரண்டு சம்பந்தமும் ஒரே காரணத்தால் முறிந்தன. கல்யாணத்தை எந்த ஊரில் வைப்பது என்பதுதான் காரணம். பெண் வீட்டு ஊரில்தான் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். அடுத்ததாக வந்தது செங்கோட்டைப் பையன் குமார். உலகு வேலை பார்க்கிற ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் சரிசெய்ய வருகிறவன். ஜாதகத்தைத் தரகர் கொண்டுவந்தார் என்று வெளியே சொல்லிக்கொண்டோம். தரகர் கையில் ஜாதகத்தைக் கொடுத்தது யார் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

அவளே ஒருநாள் அடுப்படிக்கு வந்து சொன்னாள். "எம்மா, இதுவும் மண்டபத்துல முறிஞ்சிச்சுன்னா இனி எனக்கு மாப்ள பாக்காண்டாம். சொல்லிட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. அப்பாவின் ஒற்றைக்கால் அவளுக்கும் உண்டு.

பையனின் அப்பா, செங்கோட்டையிலிருந்து புனலூருக்கும் கொல்லத்துக்கும் வாழைக்காய் அனுப்புகிற வியாபாரி. பேச்சின் நடுவே மலையாளம் அப்போதைக்கப்போது எட்டிப் பார்க்கும். சாரல் நன்றாக விழுகிறது, குற்றாலத்தில் ஒரு நாளைக்கு வீடு எடுத்துக் குளித்துக்கொண்டே பேசி முடித்துவிடலாம் என்று சொல்லியனுப்பியது அவர்தான். அருவியில் நனைந்த தலையோடு யாரும் சண்டை போட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் பேச்சைக் குளிக்கப் போவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

மற்றதெல்லாம் காபி ஆறுவதற்குள் முடிந்தது. ஊர் என்ற பேச்சு வந்ததும் நின்றது. தென்காசி என்றார் இவர். மாப்பிள்ளை வீட்டில் வைப்பதுதான் தங்கள் வழக்கம், செங்கோட்டை என்றார் அவர். அதற்கு மேல் இருவரும் நகரவில்லை. கதவோரம் நின்ற உலகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பேச்சை மாற்றச் சம்பந்தி தன் பையிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்தார். காய்களுக்கு அடியில் காந்தம் வைத்த செஸ் பலகை. கொல்லம் ரயிலில் போகையில் வருகையில் ஆடுவாராம். அந்த ரயிலில் அவரை ஜெயித்தவன் இல்லையாம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியா மச்சான். எங்க வீட்டுல ஒரு ஆளு இருக்கு. அத ஜெயிச்சிட்டியன்னா கல்யாணம் உங்க ஊர்ல. தோத்துட்டியன்னா எங்க ஊர்ல. பேச்சு மாறப்பிடாது."

"யாரு அந்த ஆளு?" என்றார் சம்பந்தி.

இவர் என்னைக் கையால் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாராவது அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. துண்டையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு மெயின் அருவிக்குப் போய்விட்டார்கள். சம்பந்திக்கு இளைப்பு, அருவி ஆகாது. புதுச் சம்பந்திகளுக்கு முன்னால் நனைய எனக்குக் கூச்சம், ஆகவே தலைவலி. எங்களுக்குக் காவலாகப் பையனின் அம்மா (எனக்கு மதினி முறை) ரம்புட்டான் உரித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். காய் அடுக்குவதற்குள் தூங்கிவிட்டார்கள்.

நான் வழக்கம் போல ஆடினேன். குதிரையைக் கொடுத்தேன், யானையைக் கொடுத்தேன். ராணியை அவர் கையெட்டுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். சம்பந்தி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தங்கச்சி, நல்லாப் பாத்து வைங்க. ராணி போயிரும்."

"ஆமா" என்றேன்.

அவர் வேறு வழியில்லாமல் வெட்டினார். நான் என் ராஜாவை மெல்ல மெல்ல மூலைக்கு நடத்திக்கொண்டு போனேன். அவரும் செக் சொல்லாமல் சுற்றி வளைத்துக்கொண்டே வந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாவம், குழி இருப்பது தெரியாமல் வருகிறாரே என்று. அவருக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான் என்பது அப்போது தெரியவில்லை. ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் வேறு வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவர் ராணி வந்து, என் ராஜாவுக்குக் குதிரை தாவுகிற தூரத்தில் நின்றது. என்னிடம் மிச்சம் இருந்த ஒரே சிப்பாய் அவர் சிப்பாயோடு மூக்கை உரசிக்கொண்டு நின்றது. ராஜாவுக்கு செக் இல்லை, நகரவும் இடம் இல்லை. அண்ணன் சொன்ன அதே இடம். என் மகள் கல்யாணம் தென்காசியில்.

"ராஜாவுக்குப் போக்கில்ல. என்ன தங்கச்சி?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப முடிவாயிட்டு."

"ஆமா."

"மனசுல ஒண்ணும் வருத்தம் இல்லியே?"

தோற்றவர் ஜெயித்தவளைப் பார்த்து இப்படிக் கேட்கிறாரே, என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று தலையை ஆட்டினேன். தோற்றவள் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறாளே, என்ன பக்குவம் என்று அவர் நினைத்தாராம். எங்கள் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

சத்தத்தில் மதினி விழித்துக்கொண்டு யார் ஜெயித்தது என்று கேட்டார்கள்.

"அது என்னத்துக்கு இப்பம்? தங்கச்சிக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும்" என்றார் சம்பந்தி. தோல்வியை எவ்வளவு நாகரிகமாக மறைக்கிறார் பாருங்கள்.

ஈரத் துண்டோடு வந்த என் வீட்டுக்காரர் புருவத்தை உயர்த்தினார். நான் தலையை அசைத்தேன். அவருக்கு அது போதும். தனியாகப் பார்த்து, அவுககிட்ட இதைப் பற்றிப் பேச வேண்டாம், முகம் சுண்டிப்போகும் என்று சொல்லிவைத்தேன். அதே நேரம் அடுத்த அறையில் சம்பந்தி தன் வீட்டாரிடம், அந்தத் தங்கச்சி வாயில்லாப் பூச்சி, தோற்றதை யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்படி ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பினோம்.

பிறகு போனில் பேச்சு நடக்காமல் இல்லை. மண்டபம் சொல்லியாச்சு மச்சான் என்று இவர் சொல்வார். தென்காசியில் மண்டபம் பிடித்துவிட்ட பெருமை அவருக்கு. சொல்லியாச்சு, உங்களுக்கு ஒரு குறையும் வராது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். தான் சொன்னதையே அவர் ஆமோதிக்கிறார் என்று இவர் எடுத்துக்கொள்வார். குமாரும் உலகுவும் ராத்திரி பகல் பார்க்காமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மண்டபம் என்ற சொல் வாயில் வந்தாலே கல்யாணம் முறிந்துவிடும் என்ற பயத்தில், அதை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் பேசுகிறவர்கள்கூட ஒரு விஷயத்தில் என்னைப் போல இருந்துவிட்டார்கள்.

பத்திரிகை அடித்து வந்ததும், முதல் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டுக்கு வைக்கிறது வழக்கம். அவர்கள் பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாங்களும் எங்கள் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் கேஸ் கட்டை வாசிப்பது போல அவர்கள் பத்திரிகையைச் சத்தமாக வாசித்தார். பெண் பெயர் சரி. மாப்பிள்ளை பெயர் சரி. முகூர்த்தம் சரி. அப்புறம் 'செங்கோட்டை' என்று படித்துவிட்டு நின்றார். எதிரே எங்கள் பத்திரிகையை மனசுக்குள் படித்துக்கொண்டிருந்த சம்பந்தியும் நிமிர்ந்தார்.

"அச்சுல ஏதோ தப்பு வந்துட்டு போல மச்சான்" என்றார்கள் இரண்டு பேரும், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்.

கொஞ்ச நேரத்தில் குரல்கள் உயர்ந்தன. இரண்டு பக்கத்துக்கும் நான்தான் சாட்சி. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போய்விடலாமே என்று இருந்தது. அடுப்பே பற்ற வைக்கவில்லை.

"ராஜாவுக்குப் போக்கில்லன்னு நீங்க ஒத்துக்கிட்டியளா இல்லியா, தங்கச்சி?"

"ஆமா."

"அப்ப தோத்தது நீங்கதான?"

இங்கே ஆமா என்று சொல்ல முடியாது. வேறு வார்த்தை தேடிப் பிடிக்க எனக்கு நேரம் ஆனது. "அடைச்சவுகதான அண்ணாச்சி தோத்தவுக" என்றேன். பாதிதான் கேட்டிருக்கும்.

"இது எந்த நாட்டுச் சட்டம்?"

"வீரகேரளம்புதூர்."

சம்பந்தி நாற்காலியில் சாய்ந்தார். ராஜாவுக்குப் போக்கு இல்லையென்றால் ராஜ்ஜியமே போயிற்று, போக்கில்லாதவன் தோற்றான், தன் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் என்றார். பலகை வந்தது. கடைசியில் எந்தக் காய் எங்கே நின்றது என்று இருவரும் அடுக்கினோம். ஒரு காயில்கூட எங்களுக்குள் தகராறு இல்லை. அதே பலகை, அதே காய்கள். என் கண்ணுக்கு நான் ஜெயித்திருந்தேன், அவர் கண்ணுக்கு அவர்.

கூட வந்திருந்த குமார் செல்போனை எடுத்துத் தேடினான். தேடியவன் முகம் மாறியது.

"ரெண்டுமே இல்ல, மாமா. இப்பம் உலகம் பூரா இதுக்கு ட்ராதான். ரெண்டு பேருக்கும் சமம்." அதோடு விட்டிருக்கலாம். படித்த பிள்ளை, முழுவதையும் வாசித்தான். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அடைத்தவன்தான் தோற்றவனாம். சீனாக்காரர்கள் ஆடுகிற வேறு மாதிரி செஸ்ஸில் போக்கில்லாதவன் தோற்றவனாம். நம் நாட்டிலேயே சில இடத்தில் ராஜாவை அப்படி அடைக்கவே விட மாட்டார்களாம்.

"அப்ப நாங்க இங்கிலாந்து. அவுக சீனா" என்றார் என் வீட்டுக்காரர்.

சமாதானத்துக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன். அப்படிக் கேட்கவில்லை. சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இதே போலத் துண்டை உதறிப் போனவர்களை எங்கள் வீடு ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருக்கிறது. நான் உலகுவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அது நான் நிற்கிற நிலை, அவள் நிற்கிற நிலை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பேசியது மதினி. "இரிங்க" என்றார்கள் சம்பந்தியைப் பார்த்து. அவர் நின்றார். "அந்த ஆட்டம் எங்கன வச்சு நின்னுச்சு?"

"குத்தாலத்துல."

"அப்ப கல்யாணத்தையும் அங்கனயே வைங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுலதான இருக்கு. நான் அன்னிக்குத் தூங்காம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது." என் பக்கம் திரும்பினார்கள். "சரிதான மதினி?"

"ஆமா" என்றேன்.

உடனே அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆமா, எதற்கு ஆமா, விளக்கமாகச் சொல் என்று இவர் ஏட்டு மாதிரியே கேட்டார்.

"கல்யாணம் குத்தாலத்துல. தென்காசியிலயும் இல்ல, செங்கோட்டையிலயும் இல்ல. ரெண்டு பேருக்கும் சமம்" என்றேன்.

சபையில் நான் பேசிய பெரிய பேச்சு இன்றுவரை அதுதான். சம்பந்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். "மதி" என்றார். அவர் மலையாளத்தில் போதும் என்றால் பிறகு பேச்சில்லை.

சாரல் சீசனில் குற்றாலத்தில் கல்யாணம் வைக்கக்கூடாது என்பதை அதற்குப் பிறகு தெரிந்துகொண்டோம். கிடைத்தது ஒரு லாட்ஜின் மாடி ஹால். வந்தவர்கள் முதலில் அருவிக்குப் போனார்கள், அப்புறம்தான் கல்யாணத்துக்கு வந்தார்கள். நாதஸ்வரக்காரர் தலை துவட்டிக்கொண்டே ஓடிவந்தார். பந்தியில் பாதிப் பேர் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பழைய பத்திரிகை எப்படியோ கைக்குப் போயிருந்த சுரண்டைச் சொந்தக்காரர்கள் தென்காசி மண்டபத்துக்குப் போய், அங்கே நடந்த யாரோ ஒருவர் கல்யாணத்தில் டிபனைச் சாப்பிட்டு, மணமக்களை வாழ்த்தி, எங்களுக்குக் கொண்டுவந்த குத்துவிளக்கையும் கொடுத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை வேறு ஆளாக இருக்கிறாரே என்று யோசித்தார்களாம். இங்கே மழைச்சத்தத்தில் உலகு கழுத்தில் தாலி ஏறியது. அவள் நிமிர்ந்துதான் இருந்தாள்.

பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த பெரிய அண்ணனிடம் போய், அந்தச் சட்டம் பட்டாளத்துச் சட்டம்தானே என்று கேட்டேன். அவனுக்கு முதலில் ஞாபகமே இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னதும் சிரித்தான்.

"அது அன்னிக்கு நீ என்னைய ஜெயிச்சிட்ட மாதிரி இருந்துச்சுட்டி. தங்கச்சிகிட்ட தோக்க முடியுமா. அதாம் சொன்னேன்."

அவன் பேச்சு இங்கிலாந்து வரை செல்லும் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு சீசனிலும் சம்பந்தியும் நானும் ஆடுகிறோம். இன்றைக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று முதலில் கேட்டுக்கொள்வார். எந்தச் சட்டமாக இருந்தாலும் என் ராஜா மூலைக்குத்தான் போகிறது. வேறு வழி அதற்குப் பழகவில்லை. மதினி பக்கத்தில் கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தூங்க விடுவதில்லை.

என் ஆமாவுக்குத்தான் இரண்டு வீட்டிலும் மதிப்புப் போய்விட்டது. சாப்பிட்டாச்சா, மருந்து போட்டாச்சா என்று எதைக் கேட்டு நான் ஆமா சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். போன வாரம் எனக்குக் காய்ச்சல். மருமகன் குமார் செங்கோட்டையிலிருந்து போன் செய்து, உடம்பு தேவலையா அத்தை என்று கேட்டான்.

"ஆமா" என்றேன்.

"தென்காசி ஆமாவா, செங்கோட்டை ஆமாவா?"

காய்ச்சல் விட்டிருந்தது. இருமல் இருந்தது.

"குத்தாலத்து ஆமா" என்றேன்.